கானாவோ, டோகோவோ

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். கொழும்பில் ஒரு லொட்ஜில் மனைவியோடு காத்திருந்த தம்பியை முதலில் ஜெர்மனிக்கு எடுப்பதற்கு ஓர் ஏஜென்சிக்காரனைப் பிடித்திருந்தேன். கொழும்பிலிருந்து மேற்கு ஆபிரிக்கா, அங்கே சில மாதம் காத்திருப்பு, பிறகு ஐரோப்பா. அப்போது அதுதான் பாதை. ஒரு மத்தியானம் ஏஜென்சிக்காரன் பாரிசிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அக்கா, ரெண்டு இடத்திலை வீடு இருக்கு. கானாவிலை விடட்டோ, டோகோவிலை விடட்டோ? நாளைக்குள்ளை சொல்லுங்கோ."

"எது நல்லம்?"

"எனக்கெண்டா ரெண்டும் ஒண்டுதான். நீங்கள் யோசியுங்கோ."

சேலைக் கடையில் எந்த நிறம் வேணும் என்று கேட்பது போலக் கேட்டான். அந்த நாடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆனால் எனக்கொரு வசதி இருந்தது. சமையலறையில் என்னோடு இரண்டு ஆபிரிக்கர்கள் வேலை செய்தார்கள். பாத்திரம் தேய்ப்பவர் கானாக்காரர். என்னைப் போலவே அகதி வழக்கின் முடிவுக்குக் காத்திருந்தவர். மரக்கறி வெட்டுபவர் டோகோக்காரர்; ஜெர்மன் பெண்ணைக் கல்யாணம் செய்து விசாவோடு இருந்தவர். இதைவிட நல்ல சாட்சி யாருக்குக் கிடைக்கும்? என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இடைவேளையில் இருவரையும் தனித்தனியே பிடித்து, உடைந்த ஜெர்மனில் ஒரே கேள்விகளைக் கேட்டேன். கரண்ட் இருக்குமா, தண்ணீர் வருமா, சோறு கிடைக்குமா, காய்ச்சல் வந்தால் டொக்டர் உண்டா, பொலிஸ் வெளிநாட்டுக்காரரைப் பிடிக்குமா? எதற்குக் கேட்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. ஏஜென்சி விஷயத்தை வெளியில் மூச்சு விடக்கூடாது.

கானாக்காரர் நான் கேட்டு முடிப்பதற்குள் தலையை ஆட்டினார். கரண்ட் இல்லை, மருந்து இல்லை, பொலிஸ் அடிக்கும், மனிதர் இருக்கிற இடமில்லை என்றார். சொல்லும்போது கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். டோகோக்காரரோ கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தலைநகர் லோமேயின் கடற்கரை முழுக்கத் தென்னை, காலையில் சுடச்சுடப் பாண், சந்தையில் துடிக்கத் துடிக்க மீன் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

டோகோ என்று சொல்லிவிட்டேன். தம்பி போய்ச் சேர்ந்ததும் தொலைபேசி எடுத்தான். "பறவாயில்லை அக்கா, சாப்பாடு நல்லம்" என்றான்.

இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போலிருக்கிறது. வழக்கு முடியாத அகதி தன் நாட்டைப் பற்றி நல்லதாக ஒரு சொல் பேசமாட்டார். உங்கள் ஊர் மாம்பழம் இனிக்குமா என்று முதலாளி கேட்டாலும் நான் ஷெல்லடியைப் பற்றித்தான் சொல்வேன். மாம்பழம் இனிக்கிற ஊருக்குத் திரும்பிப் போவதற்கென்ன என்று அகதி வழக்குக் கந்தோரில் கேட்டுவிட்டால்? நான் தினமும் செய்கிற வேலையை இன்னொருவர் செய்தபோது எனக்கு விளங்கவில்லை.

இரண்டு மாதத்தில் டோகோவில் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. கடைகள் பூட்டு, தெருவில் துப்பாக்கிச்சூடு. சனம் மூட்டை முடிச்சோடு எல்லையைத் தாண்டி ஓடுவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பலர் ஓடியது கானாவுக்கு. தம்பி இருந்த வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எவரும் எடுக்கவில்லை. ஏஜென்சிக்காரன், "நீங்கள் சொன்ன இடந்தானே அக்கா" என்றான். பிறகு அவனும் எடுக்கவில்லை. டோகோக்காரர் தன் தாயையே தொலைபேசியில் பிடிக்க முடியாமல், வெட்டாத வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை நான் என்னவென்று ஏசுவது?

அடுத்த கிழமை கானாக்காரரின் வழக்கு நிராகரிக்கப்பட்டது. கடைசி நாள் விடைபெற வந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். அவர் தோள்பையைக் கீழே வைத்தார்.

"தம்பிக்கென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். "எங்கள் தெருவில் ஒரு சண்டையும் இல்லை. என் அம்மா வீட்டிலேயே இருந்திருக்கலாம். அவ நல்லாச் சமைப்பா."

வாசல்வரை போய் அவரை அனுப்பிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழும்பு லொட்ஜிலிருந்து தம்பியின் மனைவி எடுத்தாள்.

"மச்சாள், அங்கை ஏதோ கலவரமாம். அவர் எப்படி இருக்கிறார்?"

"அவன் இப்ப கானாவிலை, பிள்ளை. நல்ல நாடு. சண்டை ஒண்டுமில்லை. ஒரு அம்மா வீட்டிலை நிக்கிறான், சமைச்சுக் குடுக்கிறாவாம்."

அவள் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. சிரித்திருக்கவும் வேண்டும்.

"அப்ப அந்த வீட்டு நம்பரைத் தாங்கோ மச்சாள், நான் எடுத்துக் கதைக்கிறன். பேனை கையிலை இருக்கு, சொல்லுங்கோ."