கோட்டைத் தாண்டிய அக்கி

என் நாத்தனாருக்கு ரத்தத்தில் புற்றுநோய். எண்பதுகளின் கடைசி அது. ஒரு வருஷமாக மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று இடுப்பில் பட்டையாகக் கொப்புளம் கிளம்பியது. பார்த்ததுமே அக்கி என்று தெரிந்தது. பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் அக்கிக்கு யாரும் ஆஸ்பத்திரி போனதில்லை. வண்டியூரில் மண்பானை செய்கிற வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அந்த வீட்டு அம்மா கோழி இறகால் காவியைத் தொட்டுப் பூசி, சுற்றிலும் ஒரு கோடு எழுதினார். கோட்டுக்குள் அக்கி அடங்கிவிடும் என்பார்கள்.

அடங்கவில்லை. காய்ச்சல் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

“யாரும்மா இந்தக் கோலம் போட்டது? எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒடம்பு. தொடைச்சு விடுங்க” என்றார் டாக்டர்.

நான்தான் துடைத்தேன். பூச்சு போய்விட்டது. சுற்றுக்கோட்டை அழிக்க மட்டும் கை வரவில்லை. முதுகுப் பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று, அங்கே துணி படாமல் விட்டுவிட்டேன்.

ஊசி ஏறியது. முன்பக்கம் காய்ந்து பொருக்குத் தட்டியது. ஏழாம் நாள் காலை உடம்பு துடைக்கும்போது பார்க்கிறேன், கோட்டுக்கு வெளியே புதுக் கொப்புளங்கள்.

“என்ன மதினி, முதுகுல படமா ஓடுது? இம்புட்டு நேரம் பாக்குறீக.”

“புதுசா வந்திருக்குத்தா. கோட்டுக்கு வெளிய.”

“மூச்சு விடாதீக. வெள்ளிக்கிழமை எம்மகளுக்குச் சடங்கு. நீங்க போய்த் தண்ணி ஊத்துவீக, பெத்தவ இங்க கெடக்கணுமா?”

டாக்டர் வந்தார்.

“எரிச்சலே இல்ல சார். வீட்டுக்குப் போறேன்” என்றாள் அவள்.

அவர் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, “சரி, நாளைக்குப் போகலாம்” என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அதுவரை நான் எந்த டாக்டரிடமும் பேசியதில்லை. கேட்டால் வீட்டுக்காரர்தான் பதில் சொல்வார். வாயைத் திறந்தால், அழிக்காமல் விட்டதும் வெளியே வந்துவிடும்.

“சார், கோட்டைத் தாண்டிருச்சு.”

“எந்தக் கோடு?”

அவளைத் திருப்பிக் காட்டினேன். திட்டு விழும் என்று நின்றேன். அவர் குனிந்து பார்த்தார்.

“வெளிய இருக்கதெல்லாம் ஊசி போட்ட பெறகு வந்ததா?”

“இன்னைக்குத்தான் சார்.”

கட்டிலில் தொங்கிய சீட்டை எடுத்து ஊசி போட்ட தேதியைப் பார்த்தார். பிறகு, “இந்த மருந்துக்குக் கிருமி அடங்கல போல. ரத்தத்துக்குக் குடுக்குற மாத்திரைய நிறுத்திப் பாப்போம். மெட்ராஸ்ல இருந்து வேற மருந்து வரவழைக்கணும். வீட்டுக்கு அனுப்ப முடியாதும்மா” என்றார்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, நான் கொடுத்த கஞ்சியை மட்டும் குடித்தாள். வெள்ளிக்கிழமை சடங்குக்கு நானும் போகவில்லை.

“மணி என்ன?” என்று கேட்டாள்.

“பத்து. தண்ணி ஊத்தியிருப்பாக.”

அழுதாள். கையைப் பிடித்துக்கொண்டேன். சாயந்தரம் பிள்ளை பட்டுச்சேலையோடு வந்து வார்டு வாசலில் நின்றாள். தொற்றுப் பயத்தில் உள்ளே விடவில்லை. அங்கிருந்தே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

“ஒங்க அத்தைக்கு வாயே இல்லன்னு நெனச்சேன். எனக்குன்னு பாத்து அம்புட்டையும் சேத்து வச்சிருந்திருக்காக” என்று மகளிடம் கத்திச் சொன்னாள். வார்டே சிரித்தது.

கொப்புளம் காய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஊருக்குக் கிளம்பும் அன்று கோட்டைத் துடைக்கப் போனேன். தோலோடு தோலாக அதுவே உதிர்ந்து போயிருந்தது.