பத்தரை மணிக் கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். டவாலிச் சேவகர் திரும்பி முறைத்தார். கைக்குட்டையை வாயில் அழுத்திப் பார்த்தேன் — நிற்கவில்லை. என்ன செய்ய? பக்கத்தில் கஸ்தூரி என்னைவிட மோசமாகக் குலுங்கிக்கொண்டிருந்தாள்!

கஸ்தூரி யார் என்று சொல்லிவிடுகிறேன். எண்ணூருக்கும் ராயபுரத்துக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். ஆபீஸ் போக, திருவொற்றியூர் தேரடியில் தினமும் அவள் வண்டியில்தான் ஏறுவேன். நாலு மாதத்துக்கு முன்னால் அவள் வண்டியில் வந்த ஒரு காலேஜ் பெண்ணின் செல்போனை ஒருவன் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்த்தான். கஸ்தூரி குதித்து இறங்கி அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் கத்தியால் அவள் கையைக் கிழித்துவிட்டான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை... பதினாறு தையல். தெருவே சேர்ந்து ஆளைப் பிடித்துக் கொடுத்தது. ஜெயிலுக்குப் போனான்.

அப்பாடா என்று இருந்தோம். எத்தனை நாள்? ஒரு காலையில் கஸ்தூரி ரகசியமாகச் சொன்னாள்.

"யக்கா... அவன் நம்ம ஸ்டாண்டாண்ட குந்தி டீ குட்சிகினு கீறான்."

ஜாமீன்! வெட்டுப்பட்டவளுக்கு ஒரு போன் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. டீக்கடையில் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிய வேண்டுமா? ஸ்டேஷனில் போய்க் கேட்டாள். "கோர்ட் குடுத்துச்சும்மா, நாங்க இன்னா பண்றது?" என்று கையை விரித்தார்கள். அன்றிலிருந்து ஆறு மணிக்கு மேல் அவள் வண்டி எடுப்பதில்லை. பள்ளிக்கூடம் போகிற மகளைத் தானே கொண்டுபோய் விட்டு, தானே கூட்டிவந்தாள். வண்டியில் எப்போதும் அலறுகிற பாட்டும் நின்றுபோனது.

எனக்குப் பொறுக்கவில்லை. இலவச சட்ட உதவி மையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே பார்கவி என்று ஒரு வக்கீல். ஜாமீன் உத்தரவின் நகலை வாங்கிப் படித்துக் காட்டினார். இரண்டு நிபந்தனை. ஒன்று, கஸ்தூரி இருக்கும் பக்கமே அவன் வரக்கூடாது. இரண்டு, தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

"பத்தரைக்கா?" என்றாள் கஸ்தூரி. முகத்தில் ஒரு வெளிச்சம். "நம்ம வண்டி அந்த டைமுக்குத்தான அந்த ஸ்டேஷன தாண்டுது!"

அவ்வளவுதான். மறுநாள் முதல் எங்கள் ஷேர் ஆட்டோ ஸ்டேஷனுக்கு எதிரே பத்து நிமிஷம் நிற்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் ஸ்டெல்லா அக்கா ஓரத்து சீட்டைப் பிடித்துக்கொண்டார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதி போட்டு, 'வந்தான்', 'வரல' என்று குறிப்பது அவர் பொறுப்பு. வண்டியில் ஒருவர்கூட, லேட்டாகிறதே என்று முணுமுணுக்கவில்லை. "இன்னாக்கா, தொர வந்தாரா?" என்று எட்டிப் பார்ப்பார்கள்.

முதல் நாள் வந்தான். அப்புறம்? பத்து நாள்... வரல, வரல, வரல!

ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நானும் கஸ்தூரியும் ஸ்டேஷனுக்குள் போனோம். எழுத்து வேலை பார்க்கிற காவலரை எல்லோரும் ரைட்டர் என்பார்கள். அவன் பத்து நாளாக வரவில்லையே என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தெனமும் வர்றான்மா! நீ பாக்கலன்னா அவன் வரலன்னு அர்த்தமா? இந்தா, பாத்துக்க!"

கையெழுத்து ரெஜிஸ்தரை ஒரு நொடி இந்தப் பக்கம் திருப்பி, பட்டென்று மூடினார். கஸ்தூரி ரொம்பப் பணிவாக, "சரி சார்" என்றாள். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"யக்கா! நாளிக்கும் சேத்துப் போட்டு வெச்சிகீறான்க்கா!"

பார்கவி அன்றைக்கே மனு எழுதினார். ரெஜிஸ்தரைக் கொண்டுவரச் சொன்னார் நீதிபதி. அதுதான் போன செவ்வாய்க்கிழமை. ஸ்டேஷன்காரர்கள் திருத்தலாம் என்றால் பேனா மையை எப்படி அழிப்பது? இன்ஸ்பெக்டர் கைகட்டி நிற்க, நீதிபதி பக்கத்தைப் புரட்டினார். மாதம் பாதிகூட முடியவில்லை, கடைசி வரி வரைக்கும் கையெழுத்து! கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்ஸ்பெக்டர், இந்த மாசத்துக்கு எத்தனை நாள்?"

"முப்பதுங்கய்யா."

"இவர் முப்பத்தொண்ணாம் தேதியும் வந்து கையெழுத்துப் போட்டிருக்காரே?"

சிரிக்காமல் என்ன செய்வது, சொல்லுங்கள்!

நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. ஜாமீன் விசாரணை அன்று ஏன் எதிர்க்கவில்லை என்று அரசு வக்கீலைக் கேட்டார். அவர் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். ஜாமீன் ரத்து. ரெஜிஸ்தர் விவகாரத்தை உயர் அதிகாரி விசாரித்து அறிக்கை தர வேண்டும். இனி அவன் ஜாமீன் கேட்டால் கஸ்தூரிக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும்.

ஜாமீனே தப்பு என்று நான் சொல்லவில்லை. குற்றம் நிரூபிக்கப்படாதவருக்கு அது உரிமை. ஆனால் நிபந்தனை என்று ஒன்று எழுதுகிறார்களே, அது யாரைக் காப்பாற்ற? அதை ஒரு ஆட்டோ நிறைய பெண்கள் வேலைக்குப் போகிற வழியில் சரிபார்க்க முடிகிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களால் முடியாதா?

புதன்கிழமையே அவனைப் பிடித்து உள்ளே அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு கஸ்தூரி வண்டியில்தான் வீடு திரும்பினேன். பாட்டுச் சத்தத்தில் காது அடைத்துப் போனது. பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் கூட்டு என்றேன்.

நேற்று காலை வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் இன்ஸ்பெக்டர்! குரலில் அப்படி ஒரு மரியாதை.

"அம்மா, வர்ற திங்கட்கிழமை அவன் மறுபடியும் ஜாமீன் கேக்குறான். தகவல் சொல்லணும்ல, அதான். நீங்க கோர்ட்டுக்கு வர்றீங்களா?"

"கண்டிப்பா வரேன் சார்" என்றாள் கஸ்தூரி. "நீங்களும் அங்கதான வரணும்? நம்ம வண்டிலயே வந்துடுங்க — இடம் கீது!"