அருளர் இரண்டு தரம் கேட்ட கசட்

இன்று பாரிஸ் லா சப்பல் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் நண்பர் அருளர் என் கசட்டைத் திருப்பித் தந்தார்.

"மாஸ்ரர், இப்பதான் பாட்டு சரிவந்திருக்கு. உங்கட தங்கச்சியின்ர குரலும் உடுக்கும் நல்லாச் சேருது."

"முழுக்கக் கேட்டனீங்களோ?"

"ஓம், ரெண்டு தரம் கேட்டனான்."

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். பாட்டே இல்லை. பேரப்பிள்ளைகளுக்காக நான் பதிந்த பெருக்கல் வாய்ப்பாடு ஓடியது. போன கிழமை அவசரத்தில் கசட்டை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

விடைத்தாளைத் திறக்காமலே புள்ளி போட்ட ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர்கூட மாணவனைக் கூப்பிட்டு, சரியான விடையை அழிக்கச் சொன்னதில்லை.

அருளர் சொன்னார். "குரல் தூக்கலாக் கிடக்கு, உடுக்கைக் கூட்டுங்கோ" என்று இதற்கு முன் மூன்று முறை சொன்னார். நானும் தங்கை பாடிய, நெல் அறுக்கும்போது பாடும் அரிவி வெட்டுப் பாட்டை ஒரு கசட் ரேடியோவில் ஓடவிட்டு, பக்கத்திலிருந்து உடுக்கடித்து, மற்ற ரேடியோவில் மூன்று முறை பதிந்தேன்.

பிறகு, "இனிப் பழசு என்னத்துக்கு?" என்றார். அவள் தனியே பாடிய அந்த முதல் கசட்டை அழித்துத்தான் வாய்ப்பாட்டைப் பதிந்தேன்.

திரும்பப் பாடச் சொல்லத் தங்கை இல்லை. தை மாதம் காலமாகிவிட்டாள். மிச்சமிருக்கும் பதிவில் உடுக்குச் சத்தத்துக்குள் அவள் குரலைத் தேட வேண்டியிருக்கிறது.

நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் அந்தப் பதிவைத் தந்திருக்கிறேன். "நல்லாயிருக்கு" என்று சொன்னவர்கள், பாட்டின் எந்த அடியில் தங்கை சிரித்துவிட்டாள் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். கசட்டைப் போட்டுக் கேட்டும் எழுதலாம்.