அக்கா அனுப்பிய நித்திரைக் குளிசை

ஒஸ்லோவில் கோடை வந்தால் இருட்டைக் கடையில்தான் வாங்க வேண்டும். தடித்த கறுப்பு யன்னல் சீலை என்ற பெயரில் அதை விற்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேலாக இங்கே பஸ் ஓட்டுகிறேன்; படுக்கப் போக மறுக்கும் இந்தச் சூரியன் எனக்கு இன்னும் பழகவில்லை. ஆனால் இந்த வருடம் என் நித்திரையைக் கெடுத்தது சூரியன் இல்லை. கொழும்புக்குப் போய், கொட்டாஞ்சேனையில் அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய நாளிலிருந்து கண் மூடுவதே பெரும்பாடாகிவிட்டது.

இங்குள்ள டொக்டரிடம் போனேன். அவர் மருந்தைக் குறைவாகவும் புத்திமதியைத் தாராளமாகவும் தந்தார். இந்தக் குளிசை கொஞ்ச நாளைக்குத்தான். படுக்கைக்குப் போகும்போது போடு. முழு இரவும் படுக்க நேரமிருந்தால் மட்டும் போடு. பியர் ஆகாது. நித்திரை வரவைக்கும் வேறெந்த மருந்தையும் கூடச் சேர்க்காதே. இதைப் போடும் நாட்களில் பஸ் பக்கமே போகாதே என்று லீவும் எழுதினார். கையில் கிடைத்த சின்னப் பெட்டியை ஆட்டிப் பார்த்தேன். சத்தமே பெரிதாக வரவில்லை. கொழும்பில் டொக்டரைப் பார்த்தால் கலர் கலராகக் குளிசைகள், கடதாசி உறைகளில் கை நிறைய வரும். அப்படி வராவிட்டால் நோயாளிக்கு மனம் ஆறாது. எனக்கும் ஆறவில்லை.

நாங்கள் வளர்ந்த கொட்டாஞ்சேனை வீட்டில் மருந்தும் சோறு மாதிரித்தான், வந்தால் எல்லோருக்கும் பங்கு. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் அம்மா எல்லாவற்றையும் போட்டு வைத்திருப்பா. பக்கத்து வீட்டு அன்ரிக்கு முதுகு பிடித்தால் அப்பாவின் குளிசையில் பாதி அங்கே போகும். எனக்கு இருமல் என்றால் அங்கிருந்து பாணி மருந்து வரும். சளி, தடிமனுக்குப் போடும் சின்ன மஞ்சள் குளிசையை, நித்திரை வராத ஆட்களுக்கும் அம்மா தாராளமாகக் கொடுப்பா. அதனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது எங்களுக்கு அன்பாகத்தான் தெரிந்தது. இப்போதும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது, அதுதான் சிக்கல்.

என் அக்கா வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கமாக ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறா. அத்தான் செத்துப்போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. டொக்டர் தந்த குளிசைகளைப் பற்றிப் போனில் அவவிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

"உங்கட டொக்டர் என்ன, தன்ர காசிலயோ வாங்கித் தாறார்?" என்று அக்காவுக்குக் கோபம் வந்தது. "நீ பஸ் ஓடுற ஆள். நித்திரை இல்லாட்டி என்னத்துக்கு ஆகும்? பொறு, நான் ஆரிட்டயாவது குடுத்து விடுறன்."

சொன்னபடியே செய்தா. விடுமுறைக்குப் போய் வந்த வத்தளைப் பெடியன் ஒருவன் பார்சலைக் கொண்டுவந்து தந்தான். மிளகாய்த்தூள், கட்டாக் கருவாடு, முறுக்கு. முறுக்குக்கு நடுவே ஒரு கடதாசி உறை, அதில் பேனையால் எழுதிய அக்காவின் பெயர், உள்ளே நித்திரைக் குளிசைகள். உறையை மூக்கில் வைத்தபோது கருவாடு மணத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

டொக்டர் சொன்னதற்குப் பயந்து அவற்றைப் போடவில்லை. அவர் தந்தது முடிவதற்குள் நித்திரையும் மெல்ல மெல்லத் திரும்பியது. இந்த நாட்டில் மிச்ச மருந்தைக் குப்பையில் போடக்கூடாது, பார்மசியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் பின்னேரம் உறையோடு போனேன்.

"யாருடையவை?" என்று கேட்டாள் அங்கிருந்த இளம்பெண்.

"என் அக்காவுடையவை. இனித் தேவையில்லை."

அவள் முகம் மாறியது. தலையைத் தாழ்த்தி மெதுவாக, "கொண்டுலேரர்" என்றாள். நோர்வேக்காரர் செத்தவீட்டில் சொல்லும் அனுதாபச் சொல். அம்மா செத்தது இவளுக்கு எப்படித் தெரியும் என்று திகைத்து, நன்றியும் சொல்லிவிட்டேன்.

"அக்காவுக்கு வயது அதிகமா?" என்றாள்.

அப்போதுதான் விளங்கியது. இங்கே இன்னொருவரின் மருந்து திரும்பி வந்தால் அந்த ஆள் இறந்துவிட்டார் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே சொன்னேன். அக்கா கொழும்பில் நன்றாக இருக்கிறா, நான் நித்திரை கொள்ள வேண்டுமென்று தன்னுடையதை அனுப்பினா.

அவள் சிரிக்கவில்லை. "அப்படியானால் அவர் இப்போது எதைப் போடுகிறார்?"

உறையில் இருந்த அக்காவின் பெயரைப் பார்த்தேன். நீண்ட நாள் போட்டவர்கள் இதைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு நடுங்கும், சிலருக்கு வலிப்புகூட வரலாம், டொக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றாள். பார்மசி வாசலிலேயே நின்று அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, உங்களிட்ட மிச்சம் இருக்கோ?"

"ஏன், உனக்கு இன்னும் வேணுமோ?"

"உங்களுக்கு இருக்கோ எண்டு கேக்கிறன்."

"மிச்சத்தைப் பாதி பாதியா உடைச்சுப் போட்டனான். அதுவும் முடிஞ்சுது. இப்ப அந்த மஞ்சள் குளிசையோட சமாளிக்கிறன். கைதான் கொஞ்சம் நடுங்குது. நேற்று தேத்தண்ணிக் கோப்பையை விழுத்திப் போட்டன். வயசுதானே."

"எவ்வளவு காலமா நித்திரைக் குளிசை போடுறியள்?"

"அத்தான் போனதில இருந்து. பழகிப் போச்சு. நீ வேலைக்குப் போற ஆள், தம்பி. நான் முழிச்சிருந்தா ஆருக்கு என்ன நட்டம்?"

எனக்கு நட்டம் என்று கத்தினேன். அம்மாவின் சவப்பெட்டியை நானும் ஒரு பக்கம் தூக்கியவன், இன்னொரு பெட்டி தூக்க என்னால் ஏலாது என்று தெருவில் நின்று தமிழில் கத்தினேன். போனவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரிப் போனார்கள். நான் போனில் கேட்டுக்கொள்ள, அக்காவின் கீழ்வீட்டில் இருக்கும் மாலனி அன்றைக்கே அவவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டினா. அவர் பழைய குளிசையைத் திரும்பத் தொடங்கி, இப்போது சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறார். அதோடு மஞ்சள் குளிசையைச் சேர்த்துப் போடுவதற்குத் தடை. கை நடுக்கம் நின்றுவிட்டது.

நான் மீண்டும் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். அக்கா படுக்கப் போகும் நேரம் இங்கே என் மாலை ஷிஃப்ட் தொடங்கும். பஸ்ஸை எடுக்குமுன் அவவுக்குப் போன் எடுப்பேன். நேற்றும் எடுத்தேன். கண்ணாடிக்கு வெளியே நல்ல வெயில், அங்கே இருட்டி நெடுநேரம்.

"நித்திரை வருதோ அக்கா?"

"வரும் போலத்தான் கிடக்கு. நீ போய் வேலையைப் பார். நான் வைக்கிறன்."

"வைக்காதேங்கோ. போனை யன்னலடியில வையுங்கோ, ட்ரெயின் போற சத்தம் எனக்கும் கேக்கட்டும்."

அக்கா போனை யன்னலடியில் வைத்தா. கடல் இரைச்சல் கேட்டது. புறப்பட இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. ஒஸ்லோ பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வெள்ளவத்தை ரயிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.