உப்பை வைத்து வெள்ளை பார்த்த காலம்

எங்கள் ஊரில் யாரும் கலர் டி.வி.யைக் கண்ணால் கண்டிராத காலத்தில் என் வீட்டில் ஏழு கலர் டி.வி. இருந்தது. ஏழிலும் ஒன்றும் தெரியாது. எழுபதுகளின் கடைசி அது. மெட்ராஸில் கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, அதுவும் எங்கள் தூத்துக்குடி வரை எட்டாது. படமே வராத ஊரில், பழுதாகிப்போன பெட்டிகளை, அதுவும் கலர்ப் பெட்டிகளை, தேடித் தேடிச் சேர்த்த ஒரே பைத்தியக்காரன் நான்தான். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி, குடிதண்ணீர் ஏற்றிவிடுகிற கம்பெனியில் எனக்கு வேலை. பட்டியலைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குள் ஏறினால், மாலுமிகள் சாப்பிடுகிற அறையின் மூலையில் செத்துப்போன டி.வி. ஒன்று கிடக்கும். அதன் தலையில் காபிக் கோப்பை வைத்திருப்பார்கள். எனக்குக் கை நமநமவென்று அரிக்கும். நம் ஊர் மக்ரூன் இரண்டு பெட்டியை நீட்டுவேன். வாயில் போட்டதும் கரைகிற அந்த முந்திரிப் பண்டத்தைத் தின்றுவிட்டு, தூக்கிக்கொண்டு போ என்று கையைக் காட்டிவிடுவார்கள். கஸ்டம்ஸில் சீட்டு எழுதி வாங்குவதற்குள் உயிர் போய்விடும். போனால் போகட்டும் என்று நிற்பேன்.

பெட்டியின் முதுகைக் கழற்றினால் உள்ளே கடல்காற்றின் உப்பு ஏறி, கம்பியெல்லாம் பூத்துப் போயிருக்கும். பழைய பல் பிரஷ்ஷால் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன். கருகினதை எடுத்துவிட்டுப் புதிதாக ஈயம் வைப்பேன். ஒரு பெட்டியில் செத்த வால்வுக்கு இன்னொரு பெட்டியின் வால்வைப் பிடுங்கி மாட்டுவேன். ஒருநாள் திரை விழித்துக்கொள்ளும். படம் ஏது? வெறும் புள்ளி மழைதான். ஆனால் அந்த மழையைப் பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருக்க என்னால் முடியும். வெளியே வெயிலில் தெரு உறங்கும். உள்ளே புள்ளிகள் கலைந்து கூடும், கூடிக் கலையும். அதற்குள் ஏதோ முகங்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவதாகத் தோன்றும். அப்படியே கண் சொக்கிவிடும்.

"பக்கத்து வீட்டுல கோழி வளக்காங்க, முட்டையாவது போடுது. நீங்க ஏழு வளக்கீங்களே, இதுங்க என்னத்தப் போடுது?" என்பாள் என் மனைவி.

"பொறு ஏளா, ஒருநாள் போடும்" என்பேன். எரிச்சல் வந்தால் கொஞ்சம் கூடவே சொல்வேன். எனக்கு எரிச்சல் சீக்கிரம் வரும்.

கலர் பார்க்காத ஊரில் கலர் சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அளவாகச் சேர்ந்தால் வெள்ளை வரும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். வெள்ளைக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்? உப்பளத்திலிருந்து ஒரு கை உப்பு எடுத்து வந்து கண்ணாடித் தட்டில் பரப்பி, டி.வி.யின் தலைமேல் வைப்பேன். பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து மூன்று திருகுகளையும் ஸ்க்ரூ டிரைவரால் கூட்டிக் குறைப்பேன். முன்னால் மனைவியின் முகம் பார்க்கும் கண்ணாடி சாய்ந்திருக்கும், பின்னாலிருந்தே திரையைப் பார்ப்பதற்காக. புள்ளி மழையும் உப்பும் ஒரே வெள்ளையானால் வேலை முடிந்தது. ஏழு பெட்டிக்கும் அதே தட்டு, அதே உப்பு.

இப்படி இருக்கையில்தான் கொழும்பில் டி.வி. நிலையம் தொடங்கிவிட்டார்கள் என்று, அங்கே சரக்கு ஏற்றிப் போய்வருகிற தோணிக்காரர்கள் வந்து சொன்னார்கள். கலரில் என்றார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலுமினியக் குழாய்களை வெட்டி ஆண்டெனா கட்டி, மொட்டை மாடியில் கடலைப் பார்த்து நட்டேன். பத்து நாள் ஒன்றுமில்லை. பதினோராம் நாள் காற்றே இல்லாமல் புழுங்கிய ஒரு சாயங்காலம், கடல் அசையாமல் கிடந்தபோது, புள்ளி மழைக்குள்ளிருந்து ஒரு ஆள் மெல்ல எழுந்து வந்தான். கோட்டு போட்டிருந்தான். வாயை அசைத்தான். ஐந்து நிமிஷம் இருந்துவிட்டு வந்த வழியே கரைந்து போனான். காற்று செத்துக் கடல் அடங்குகிற சாயங்காலங்களில் மட்டும் வருவான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அப்படி ஒரு சாயங்காலம் தெருவே திரண்டு வந்து பார்த்தது. ஆனால் ஒரு கோளாறு. நான் தம்பட்டம் அடித்து வைத்திருந்த பெரிய ஜப்பான் பெட்டியில் அந்த ஆள் கறுப்பு வெள்ளையில் வந்தான், சத்தமும் இல்லை. ஜப்பானுக்குத் தெரிந்த கலர் முறை வேறு, கொழும்பு அனுப்புகிற முறை வேறு என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "கலர்னு சொன்னியே மாப்ள, எங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "வரும்போது வரும், போங்கய்யா" என்று விரட்டிவிட்டேன். எல்லோரும் போன பிறகும் எதிர்வீட்டு அக்கா மட்டும் வாசலில் நின்றாள்.

அக்கா கடற்கரைக்காரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மாதா கோயிலுக்கு வேண்டிய துணிமணி தைத்துக் கொடுப்பாள். தாய் செத்த பிறகு தன் தங்கச்சியை வளர்த்து ஆளாக்கினாள். வேலைக்கென்று கொழும்புக்குப் போன தங்கச்சி அங்கேயே தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். 'உனக்கு அக்கா செத்துட்டானு நெனச்சுக்கோ' என்று இவள் எழுதிப் போட்டாள். அதோடு எட்டு வருஷம் கடிதாசி இல்லை. இவ்வளவும் தெருவுக்கே தெரியும். அன்று அவள் என்னிடம் சொன்னது தெரியாது.

"தம்பி, அவ கோயில் பாட்டுக் குழுவுல இருக்காளாம். அடுத்த சனிக்கிழம சாயங்காலம் அந்த டி.வி.ல பாடுதாளாம். தோணிக்காரரு சொன்னாரு" என்றாள்.

"நல்ல விஷயம்தானக்கா. வந்து பாருங்க."

"பாக்கது மட்டும் இல்ல தம்பி. அம்மா சேலை ஒண்ணு வச்சிருந்தேன். கிளிப்பச்சைப் பட்டு. அதத் தோணியில குடுத்து விட்டேன். ஒரு துண்டுச் சீட்டும் எழுதி வச்சேன். 'என்ன மன்னிச்சிருந்தா பாடுத அன்னைக்கு இத உடுத்திக்கோ, நான் பாப்பேன்'னு. வாங்கிக்கிட்டாளாம். ஒரு வார்த்த சொல்லலையாம். கறுப்பு வெள்ளையில பச்சையும் சிவப்பும் ஒண்ணாத்தான தெரியுது? எனக்குக் கலர்ல பாக்கணும் தம்பி."

என் ஏழு பெட்டிகளையும் அதுவரை யாரும் எதற்கும் கேட்டதில்லை.

ஏழில் ஒன்று ஐரோப்பாக் கப்பலில் வந்த கிழட்டுப் பெட்டி. அதற்குக் கொழும்பு முறை தெரியும். ஆனால் அதன் படக்குழாய் தேய்ந்து போனது, சிவப்பு சோர்ந்து கிடந்தது. அந்த வாரம் முழுக்கக் கம்பெனியிலிருந்து வந்ததும் அதன் முதுகில்தான் விழுந்தேன். சனிக்கிழமை மத்தியானம் ஒருவழியாகத் திரையின் வெள்ளையும் தட்டின் உப்பும் ஒன்றாயின. மனைவி வந்து பார்த்துவிட்டு, "உப்பு தோத்துரும் போலிருக்கே" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த பாராட்டு அது. உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு.

அங்கேதான் தவறு செய்தேன். எங்கள் தெருவில் பொழுது சாயச் சாயக் கரண்ட் இறங்கிவிடும் என்பது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மத்தியானக் கரண்டில் சரி பண்ணிய வெள்ளை சாயங்காலக் கரண்டில் நிற்குமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்குக் காற்று நின்றுவிட்டிருந்தது, புண்ணியம். தெருவுக்குச் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டோம். அக்கா கோயிலுக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலையில் வந்து, பாயில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். கையில் ஜெபமாலை உருண்டது. புள்ளி மழை மெல்லத் தளர்ந்தது. தண்ணீருக்கடியில் கிடந்த ஒன்று மேலே மிதந்து வருவதைப்போல, ஒரு சுவர் வந்தது, ஒரு சிலுவை வந்தது, இரண்டு வரிசையாகப் பெண்கள் வந்தார்கள். கலரில் வந்தார்கள். இத்தனை வருஷம் காத்துக் கிடந்த கலர். பாட்டுச் சத்தம் அலைபோல வந்து வந்து போயிற்று.

"அந்தா, முன்னால மூணாவதா நிக்கா! கழுத்த அப்பிடித்தான் சாய்ப்பா, சின்னதுலேருந்து அப்பிடித்தான்" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நிமிஷமே, "பச்சை! தம்பி, பச்சை! அம்மா சேலைதான்!" என்று அழுதாள். என் மனைவி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

நான் பெட்டியைப் பார்த்தேன். சேலை பச்சைதான். பக்கத்தில் நின்றவள் சேலையும் பச்சைதான். அவர்கள் முகம் பச்சை, சிலுவை பச்சை, பின்னால் இருந்த சுவர் பச்சை. கரண்ட் இறங்கி, சோர்ந்துகிடந்த சிவப்பு அடியோடு படுத்துவிட்டது, நீலமும் மங்கிவிட்டது. அந்தத் திரையில் மணப்பெண்ணின் கூறைச்சேலையை உடுத்தி நின்றாலும் பச்சையாகத்தான் தெரியும்.

கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. இரண்டு திருகு திருகினால் உண்மை தெரிந்துவிடும். நான் அசையவில்லை. ஒருவேளை அந்தச் சேலை நீலமாக இருந்தால்? மஞ்சளாக இருந்தால்? அக்காவின் முகத்தை என்னால் எப்படிப் பார்க்க முடியும்? ஒரு புள்ளி வெள்ளைக்காக ஏழு நாள் மல்லுக்கட்டியவன் அந்தப் பச்சையை அப்படியே விட்டுவிடத் துணிந்தேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தாள். இந்தத் தடவை கொஞ்சம் நேரமெடுத்துப் பார்த்தாள். "முகமெல்லாம் என்ன தம்பி பச்சையா இருக்கு?" என்றாள்.

"கலர் டி.வி.ன்னா அப்பிடித்தான் இருக்கும்க்கா. இதுதான் சரியான கலர்."

இப்படி ஒரு பொய்யை என் வாயால் சொன்னேன். யார் வந்து கேட்டாலும் கலருக்காகச் சண்டைக்கு நிற்கிறவன் நான்.

அக்காவின் பார்வை டி.வி.யின் தலைக்குப் போயிற்று. மத்தியானம் வைத்த உப்புத் தட்டு அங்கேயே இருந்தது. நான் மறந்துபோய் விட்டுவிட்டிருந்தேன். தட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், தன் சேலையைப் பார்த்தாள்.

"உப்பு வெள்ளையா இருக்கு. செவரு வெள்ளையா இல்ல" என்றாள். "நீ உப்ப வச்சுத்தான கலர் பாப்ப? ஊருக்கே தெரியுமே."

நான் ஸ்க்ரூ டிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"திருப்பு தம்பி."

"அக்கா, வேண்டாம். படம் இப்பப் போயிரும், இருக்க மட்டும் பாத்துக்கோங்க."

"ஏலே, திருப்புலே! எனக்கு நெசந்தான் வேணும். எட்டு வருசம் பொய்க் கோவத்துல கெடந்தது போதாதா?"

பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஸ்க்ரூ டிரைவர் திருகில் உட்கார மறுத்தது. மனைவி சொல்லாமலேயே கண்ணாடியை எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்தாள். கண்ணாடிக்குள் சின்னதாக, இடம் வலம் மாறி, அந்தப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். சிவப்பையும் நீலத்தையும் மெல்ல ஏற்றினேன். பச்சையைக் கொஞ்சம் இறக்கினேன். சுவரில் பாசி வற்றியதுபோல் பச்சை விலகி, உப்பின் வெள்ளை வந்தது. சிலுவை மரநிறமானது. ஒவ்வொரு முகமாக ரத்தம் ஏறி, மாநிறமாக, கறுப்பாக, மனுஷ முகமாக வந்தது. பின்வரிசையில் ஒரு சேலை நீலமாகிவிட்டது. பக்கத்தில் நின்றவளின் சேலை ரோஸாகிவிட்டது. நான் இன்னும் ஒரு நூல் திருகினேன்.

மூன்றாவதாக நின்றவளின் சேலை மட்டும் மாறவே இல்லை. மற்றதிலெல்லாம் பச்சை கழன்று போக, அது மட்டும் கிளிப்பச்சையாக அப்படியே நின்றது.

அக்கா கத்தவில்லை, அழவுமில்லை. கிட்டே போய்த் திரையில் அந்தச் சேலை இருந்த இடத்தில் விரலை வைத்தாள். நான்தான் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பிள்ளை மாதிரி அழுதேன். பாட்டு முடிவதற்குள் கடலிலிருந்து முதல் காற்று வந்து ஜன்னலைத் தட்டியது. பச்சை, நீலம், ரோஸ் எல்லாம் கலைந்து மறுபடியும் புள்ளி மழையாயிற்று. அக்கா விரலை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு என் பக்கம் வந்து தலையில் ஒரு குட்டு வைத்தாள். "பொய்யா சொல்லுத?" என்றாள். என் மனைவியைப் பார்த்து, "ஏளா, ஒரு தாளும் பேனாவும் தா. காலையில தோணி போவுது" என்றாள். வீட்டுக்குப் போய் எழுதுகிற பொறுமைகூட இல்லை அவளுக்கு. உப்புத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த டி.வி.யின் தலைமேலேயே தாளை விரித்து, நின்றபடி எழுத ஆரம்பித்தாள்.

தப்புத்தான், நான் எட்டிப் பார்த்தேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு எழுதிய முதல் கடிதாசியின் முதல் வரி இதுதான்: 'ஏளா, கழுத்தெல்லாம் எலும்பா தெரியுதே, ஒழுங்காச் சாப்பிடுதியா இல்லையா?'