பெஞ்சுக்கு வந்த லண்டன் வார்த்தை

பொறாமை என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் ஒரு வாத்தியாரைத்தான் சொல்வேன். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. எனக்கு எரிச்சலே அதுதான்.

ஐம்பதுகளின் நடுவில் புதுப்பட்டினம் கடைத்தெருவில் என்னைப் பெற்ற அத்தாவுக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. செங்கல்பட்டில் ரயிலிலிருந்து இறங்கும் இங்கிலீஷ் பேப்பரில் ஒன்று பகல் பஸ்ஸில் எங்கள் கடைக்கு வரும். ஊரிலேயே அது ஒன்றுதான். பகல் தொழுகை முடித்து வந்து, கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, நான் அதைப் பிரித்துத் தமிழில் சொல்வேன். கரை திரும்பிய மீன்காரர்கள், எதிர்க்கடைத் தையற்காரர், கூடையை இறக்கிவைத்த மீன்காரம்மா எல்லோரும் வந்து உட்காருவார்கள். பண்ணை வேலைக்காரர்கள் மட்டும் புளியமரத்தடியில் நின்று கேட்பார்கள். யார் வைத்த வழக்கம் என்று நான் யோசித்ததே இல்லை. பெஞ்சு எங்களுடையது, அவ்வளவுதான்.

நான் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். தெரியாத வார்த்தை வந்தால் ஒரு கனைப்புக் கனைத்து, "மத்ததெல்லாம் நமக்கு எதுக்கு" என்று தாண்டிவிடுவேன். நாலு வருஷமாக யாரும் கேள்வி கேட்டதில்லை. அந்த ஊரில் எனக்கு மரியாதை கிடைத்த நேரம் அந்த ஒரு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் நான் புளி நிறுப்பவன்.

ஒரு கோடை விடுமுறையில் அந்த வாத்தியார் வந்து சேர்ந்தார். பண்ணை வேலைக்காரர் ஒருவரின் மகன், சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர் வீட்டுப் பிள்ளை. செங்கல்பட்டில் படித்து அங்கேயே வாத்தியாராகிவிட்டவர். என் வயதுதான் இருக்கும். சட்டைப் பையில் பேனாவோடு, மரத்தடியில் தன் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

அன்றைக்குப் பேப்பரில் லண்டனில் புதிதாகக் கிளம்பியிருந்த ஒரு பேச்சைப் பற்றிக் கட்டுரை. எஸ்டாப்ளிஷ்மென்ட் என்று வரிக்கு வரி வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வார்த்தையை அப்படியே வாசித்துவிட்டு, வழக்கம்போலக் கனைத்தேன்.

"பாய், அத்த உட்டுடாதீங்க. அதான் சங்கதியே" என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். வாத்தியார் நின்ற இடத்திலிருந்தே சொன்னார்: "மந்திரிங்க ஓட்டு வாங்கி வருவாங்க, போவாங்க. ஓட்டே வாங்காம எப்பவும் மேல குந்திகினு கீற கும்பல் ஒண்ணு கீது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே கிளப்பு, ஒருத்தர் வூட்டுல ஒருத்தருக்கு விருந்து. யாருக்கு இன்னா கெடைக்கணும்னு அவங்க பேசி முடிச்சப்புறம்தான் நமக்குத் தெரியும். அந்தக் கும்பலுக்குத்தான் இப்ப இந்தப் பேரு வெச்சிருக்காங்க."

"தமிழ்ல இன்னா பேரு?" என்றாள் மீன்காரம்மா.

வாத்தியார் யோசித்தார். "பெரிய மனுசங்கன்னு சொல்லலாம். ஆனா பெரிய மனுசன் கண்ணுக்குத் தெரிவான், இது தெரியாது. எனக்குச் சரியான வார்த்தை தெரியல. இங்கிலீஷ்லயே இருந்துட்டுப் போவட்டும்."

தெரியவில்லை என்று அவர் ஒத்துக்கொண்டார். அதற்கும் தலையாட்டினார்கள். நான் நாலு வருஷமாக மூடி மறைத்துக் காப்பாற்றியதை இந்த மனிதர் ஒரு நிமிஷத்தில் போட்டு உடைத்துவிட்டுச் சாதாரணமாக நிற்கிறாரே என்று வயிறு எரிந்தது.

இரண்டே நாளில் மீன்காரர்கள் அந்த வார்த்தையின் வாலை நறுக்கி 'எஸ்டாபு' ஆக்கிவிட்டார்கள். ஏலத்துக்கு முன்பே தங்களுக்குள் விலை பேசிக்கொள்ளும் வியாபாரிகள் எஸ்டாபு. திருப்போரூர் கோயிலில் கூட்டத்தில் நிற்காமல் உள்ளே போய்வருபவர்கள் எஸ்டாபு. பல வருஷம் கழித்து, மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன உருதுக்காரர் வீட்டில், அவர்கள் பேசிய உருதுவுக்குள்ளிருந்தும் இதே வார்த்தை வந்து விழுந்தது. அங்கேயும் அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை. அவர்கள் வைத்த ஜிலேபி கசந்தது எனக்கு.

அந்தக் கோடையில் விடுமுறை முடியும்வரை பேப்பரை வாத்தியாரையே வாசிக்கச் சொன்னார்கள். அவர் பெஞ்சு ஓரமாக வந்து, என்னிடமிருந்து பேப்பரை இரண்டு கையாலும் வாங்கி, நின்றுகொண்டே வாசிப்பார். மரத்தடியில் அவருடைய அப்பா, மகனையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் அத்தா ஒருநாளும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அதுவும் சேர்ந்து குத்தியது.

செங்கல்பட்டுக்குப் போய் ஒரு அகராதி வாங்கிவந்தேன். அந்த வார்த்தை இருந்தது, வாத்தியார் சொன்ன அர்த்தம் இல்லை. "அந்த அர்த்தம் அகராதியிலயே இல்ல" என்று எல்லோர் முன்னாலும் விரித்துக் காட்டினேன்.

"அகராதிக்கு வர நாளாவும் பாய். நம்ம மீன்காரம்மாவுக்குச் சீக்கிரம் வந்துடுச்சி" என்றார் வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள். கேலியாக அல்ல, சந்தோஷமாகச் சிரித்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவர் விடுமுறையின் கடைசி நாள். நான் பஸ் நிற்கும் இடத்துக்கே போய்ப் பேப்பரை வாங்கிச் சட்டைக்குள் செருகி, கொல்லைப்பக்கமாக வந்து அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன்.

"பேப்பர் இன்னா ஆச்சி பாய்?" என்றார் தையற்காரர்.

"இன்னிக்கு வரல."

மீன்காரம்மா என் சட்டையைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். வெயிலில் நடந்த வியர்வையில், வெள்ளைச் சட்டையின் வயிற்றுப் பக்கம் முழுக்க அச்சு மை கறுப்பாக இறங்கியிருந்தது. வாத்தியாரும் பார்த்தார். பார்வையை உடனே எடுத்துக்கொண்டார்.

"பரவால்ல. நேத்து பேப்பர்லயே கொஞ்சம் மிச்சம் கீது" என்று சொல்லி, மரத்தடிக்குப் போய் நினைவிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். முதலில் தையற்காரர் எழுந்தார். பிறகு மீன்காரர்கள். கடைசியாக மீன்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டாள். எல்லோரும் வெயிலைத் தாண்டிப் போய் அவரைச் சுற்றி நின்றார்கள்.

"எஸ்டாபு தனியா குந்திகினு கீது பாரு" என்று மீன்காரம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஐந்தாறு பேர் உட்காரக்கூடிய பெஞ்சில் நான் ஒருவன். நாற்பது நாளாக அந்த மனிதர் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வாசித்திருக்கிறார், ஒரு நாளாவது அவரை உட்காரச் சொன்னேனா என்று அப்போதுதான் உறைத்தது. கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான். உறைத்த பிறகும் நான் கூப்பிடவில்லை.