மிதிபட்ட சொடக்குத் தக்காளி

பிள்ளைகளா, நேற்று என் தகரப் பெட்டியைக் குடைந்து ஒன்றை வெளியே எடுத்தீர்கள். வலை போல நரம்பு மட்டும் மிஞ்சிய, உள்ளே ஒன்றுமில்லாத, காய்ந்த கூடு ஒன்று. "இந்தக் குப்பைய எதுக்குப்பா வச்சிருக்கீக?" என்றாள் சின்னவள். பெரியவன் அதை நெற்றியில் அடித்துச் சொடக்குப் போடப் பார்த்தான். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அது சொடக்குத் தக்காளிப் பழத்தை மூடியிருந்த கூடு. அதை நான் வைத்திருக்கும் காரணம் உங்கள் அம்மாவுக்கும் முழுதாகத் தெரியாது. எட்டாவதோடு நின்றவன் நான். கோர்வையாக எழுத வருமோ என்னவோ, எழுதிப் பார்க்கிறேன்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால், செட்டியார்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில், ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவரின் தோட்டத்தில் நான் தண்ணீர் பாய்ச்சினேன். உங்கள் அம்மா அங்கேயே களையெடுத்தாள். பெரிய ஊர்க் கடைகளில் கூட்டோடு டப்பாவில் அடைத்து விற்கிறார்களே, அந்தப் பெரிய ரகச் சொடக்குத் தக்காளியை மேனேஜர் அங்கே போட்டிருந்தார். என்னைவிட இளையவர். சட்டையில் பொட்டு மண் படாது. மாமர நிழல் விழுகிற கொழுத்த மண்ணில் நட்டு, வாரம் தவறாமல் யூரியா வைக்கச் சொன்னார். செடி இடுப்புயரம் எழுந்து கரும்பச்சையாக நின்றது. வந்தவர்கள் எல்லாம் செடியைப் பார்த்து மெச்சினார்கள். பழம்தான் புளித்து, தண்ணீராய்ச் சப்பென்று இருந்தது. போதாக்குறைக்கு, கூடு பச்சையாக இருக்கும்போதே பறிக்கச் சொல்வார். எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்களுக்குக்கூடத் தெரியும், சொடக்குத் தக்காளியைச் செடியிலிருந்து பறிக்கக் கூடாது என்று. கூடு வைக்கோல் நிறமாகி, தானாகக் கீழே விழுந்ததுதான் பழம். மேனேஜர் கணக்கில் கீழே விழுந்தது எல்லாம் கழிவு.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், விழுந்து கிடந்த பழங்களைத் துண்டில் அள்ளிக்கொண்டுபோய்க் கூடையில் போட்டேன். முதலாளிக்கு நல்ல பழம் போகட்டும் என்றுதான். சாப்பிட உட்கார்ந்திருந்த எல்லோரையும் மேனேஜர் கிணற்று மேட்டுக்குக் கூப்பிட்டார். "ஏலே, கீழ கெடக்கதப் பொறுக்கியாந்து கூடையில போடுதியே, ஒங்க வீட்டுக் குப்பைமேடாலே இது?" என்றார். துண்டை உதறச் சொன்னார். கூடையில் கிடந்ததையும் கொட்டச் சொன்னார். "மிதி. ஒங்காலாலயே மிதி." நான் மிதித்தேன். கூடுகள் பட்டுப் பட்டென்று வெடித்தன. "சாருக்குத் தொட்டுக்கிட சட்னி அரைக்கான் போல" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அம்மா சிரிக்கவில்லை. சோற்றுத் தூக்கைத் திறக்காமலே வைத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு நடக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: "மிதிக்கச் சொன்னா மிதிச்சிருவீகளா?" அந்தக் கேள்விக்குப் பதிலை மேனேஜரிடமிருந்தே வாங்குவது என்று அன்று முடிவு செய்தேன்.

அடைமழை விட்டதும் கிணற்று மேட்டில் நாற்று முளைத்தது. என் கால் பட்ட விதைகள். சரளை மண், நாள் முழுக்க வெயில், உரம் என்று ஒன்றும் கிடையாது. வாடினால் மட்டும் ஒரு செம்புத் தண்ணீர் விட்டேன். முழங்காலுக்கு மேல் வளரவில்லை. ஆனால் மாசியில் கீழே விழுந்த முதல் பழத்தைக் கடித்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். அப்படி ஒரு இனிப்பு.

அந்த மாசியிலேயே முதலாளி பழம் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். மோட்டார் பழுதாகி மேனேஜரின் செடிகள் ஒரு வாரம் காய்ந்து கிடந்தன. மோட்டார் சரியானதும் அவர் ஓடி வந்தார். "பழம் குண்டா தெரியணும்லே. ரெண்டு மணி நேரம் தண்ணியத் தொறந்து விடு." காய்ந்த செடிக்குத் திடீரென்று தண்ணீர் பெருகினால் பழம் உள்ளே விரிசல் விடும். அது எனக்குத் தெரியும். வேறொரு ஆள் சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன். "சரி சார்" என்றேன். அவர் சொன்னது இரண்டு மணி நேரம். நான் விட்டது நாலு.

மூன்றாம் நாள் முதலாளி வந்தார். மேனேஜர் பெரிய பழமாகப் பார்த்துக் கூட்டை உரித்தார்; வெடித்திருந்தது. அடுத்ததும் வெடிப்பு. மூன்றாவதைத் தேடி எடுத்துக் கொடுக்க, முதலாளி கடித்துவிட்டுத் துப்பினார். கிணற்று மேட்டில் விழுந்த பழங்களை அதே துண்டில் கொண்டுவந்து முதலாளி முன்னால் விரித்தேன். ஒன்றைத் தின்றார். இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு, "யாருப்பா வளத்தது?" என்றார்.

"சார் மிதிக்கச் சொன்னதுதான் மொதலாளி. மிதிச்சது மொளச்சிருச்சு."

உங்கள் அம்மா களைக்கொத்தியோடு நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்குச் சிரித்த வாய் எதுவும் இப்போது திறக்கவில்லை. இனிமேல் செடிக்கு என்ன செய்வதென்றாலும் என்னிடம் கேட்டுச் செய்யும்படி முதலாளி மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து தினமும் காலையில் என்னிடம் வந்து, "இன்னைக்குத் தண்ணி எம்புட்டு விடணும்?" என்று அவர் கேட்க வேண்டியதாயிற்று. வாளியைக் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்ட பிறகுதான் பதில் சொல்வேன். ஆடி வரைக்கும் தாங்கினார். பிறகு வேலைக்கே வரவில்லை. இப்போது நாம் குடியிருக்கும் மடவார் வளாகத்தில், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் செடிகள் அந்த மேட்டு விதைகள்தான். நீங்கள் குடம் குடமாக ஊற்ற வரும்போது நான் சத்தம் போடுவது இதனால்தான்.

முதலாளி வந்து போன அன்று, எல்லோரும் கிளம்பிய பிறகு நான் மட்டும் மாமரத்தடிக்குப் போனேன். மண் இன்னும் ஈரமாக இருந்தது. நான் வெடிக்க வைத்த பழங்களில் ஒன்றைப் பறித்துக் கூட்டை உரித்து, வாயில் போட்டு மென்றேன். பல் கூசுகிற புளிப்பு. துப்பவில்லை. நிதானமாக விழுங்கினேன். கூட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இன்னொன்று பறித்துத் தின்றேன்.